மூணு கோடு

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். என் பேத்தி மித்ராவின் இதயத்தில் இருக்கும் ஓட்டை ஆறு மில்லிமீட்டர். அவள் குடிக்க வேண்டிய இதய மருந்து ஒரு வேளைக்கு 0.3 மில்லி. நான் எடுத்துக் கொடுத்தது 0.6 மில்லி. காலையும் மாலையுமாகப் பத்தொன்பது வேளை அப்படிக் கொடுத்தோம்.

இப்போது அவள் வீட்டில் இருக்கிறாள். அறுவை சிகிச்சைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. இந்த இடைவெளியில் இதை எழுதுகிறேன். கைக்குழந்தைக்குச் சிரிஞ்சால் மருந்து கொடுக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், எழுந்து போய்த் தங்கள் வீட்டுச் சிரிஞ்சை ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

நாங்கள் இருப்பது வாலாஜாபாத். மகன் தினேஷ் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறான். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். மருமகள் ரேவதி, பிரசவ விடுப்பில் வரும்வரை செல்போன் கம்பெனி லைனில் நின்றவள். என் மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. எனக்கு எழுபத்தொன்று. பி.எஸ்சி. இயற்பியல். அம்பத்தூரிலும் பிறகு இருங்காட்டுக்கோட்டையிலுமாக முப்பத்து நான்கு வருடம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். லைனில் இருந்து வரும் உருப்படியை வெர்னியர், மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, தேறுமா தேறாதா என்று எழுதுவது என் வேலை. எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்ததா, பிறவியிலேயே இருந்ததா தெரியாது. “மாமாவ கேளு, வூட்ல எத்தன எறும்பு கீதுன்னு கரெக்டா சொல்வாரு” என்று ரேவதி தன் தங்கையிடம் போனில் சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்திருக்கிறது.

மித்ரா பிறக்கும்போது இரண்டு கிலோ எண்ணூறு. ஒரு மாதம் ஆனபோது அவள் பால் குடிக்கிற விதம் எனக்கு உறுத்தியது. பதினோரு தடவை உறிஞ்சுவாள், நிறுத்தி மூச்சு வாங்குவாள். மறுபடி ஒன்பது தடவை. நெற்றி முழுக்க முத்து முத்தாக வியர்வை.

“வெக்கையா கீது மாமா, அதான்” என்றாள் ரேவதி.

“மார்கழியில என்னம்மா வெக்கை?”

மறுநாளே கிளம்பினோம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பெங்களூர் ரோட்டின் மேலேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. குழந்தைகள் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் எடுக்கவே இல்லை. பிறகு எக்கோ எடுத்தார்கள். வயிற்றில் குழந்தை இருக்கும்போது எடுக்கிற ஸ்கேன் மாதிரிதான். அதை இதயத்துக்கு எடுத்தால் எக்கோ. திரையில் சிவப்பும் நீலமுமாக என்னவோ சுழன்றது. எக்கோ எடுத்த டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்.

“கீழ ரெண்டு அறை இருக்கு. நடுவுல ஒரு சுவர். அந்தச் சுவர்ல ஓட்டை. உடம்புக்குப் போக வேண்டிய ரத்தம் கொஞ்சம் திரும்ப நுரையீரலுக்கே போயிடுது. அதான் மூச்சு வாங்குறா, எடை ஏற மாட்டேங்குது.”

“தானா மூடிக்காதா டாக்டர்?” என்று தினேஷ் கேட்டான்.

“சின்னதா இருந்தா மூடிக்கும். இது ஆறு எம்.எம். இவ சைஸுக்கு இது பெருசு. அஞ்சு கிலோ கிட்ட வரட்டும், ஆபரேஷன் பண்ணிடலாம். ரொம்பவும் தள்ளிப் போடவும் கூடாது, நுரையீரல் கெட்டுடும். அதுவரைக்கும் மருந்துதான் காப்பாத்தணும்.”

பன்னிரண்டு நாள் வார்டில் இருந்தோம். இரண்டு மருந்து கொடுத்தார்கள். ஒன்று நீர் பிரிய. இன்னொன்று டிகாக்ஸின். இதயத்தை நிதானமாகவும் அழுத்தமாகவும் அடிக்க வைக்கிற மருந்து அது. அளவு கொஞ்சம் கூடினாலும் நிதானம் மிஞ்சிப் போய்த் துடிப்பு குறைந்துவிடும். மருந்தாக இருக்கும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. இதெல்லாம் அன்றைக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. டாக்டர் சொன்னார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று வார்டு சிஸ்டர் ஒருத்தி அவசரத்தில் இருந்தாள். அன்று அவளுக்கு நான்கு டிஸ்சார்ஜ். இரண்டு மில்லி சிரிஞ்சில் ஊசியைக் கழற்றிவிட்டு மருந்தை உறிஞ்சிக் காட்டினாள். “பாத்துக்கோங்க, மூணு கோடு. காலையில மூணு, சாயங்காலம் மூணு. அவ்ளோதான்.”

அவள் சொன்னதில் தவறில்லை. இரண்டு மில்லி சிரிஞ்சில் ஒரு கோடு 0.1 மில்லி. மூன்று கோடு 0.3 மில்லி. டிஸ்சார்ஜ் தாளிலும் 0.3 மில்லி என்று தெளிவாக இருந்தது. ஆனால் அந்தத் தாள் பீரோவுக்குள் போய்விட்டது. வீட்டில் புழங்கியது ‘மூணு கோடு’ என்ற சொல்தான். “மூணு கோடு ஆச்சா மாமா?” “ஆச்சும்மா.” இடைவேளையில் கம்பெனி வாசலில் இருந்து தினேஷ் போன் செய்தால், “மூணு கோடு குடுத்தாச்சா?” நானே நோட்டில் கட்டம் போட்டு, தேதி, மணி, கோடு என்று தலைப்பு எழுதினேன். அலகு இல்லாமல் ஒரு எண் வந்தால் அந்தத் தாளையே திருப்பி அனுப்பியவன் நான். கோடு என்று ஒரு அலகு எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

மருந்தைச் சிரிஞ்சில் எடுப்பது என் பொறுப்பு, கொடுப்பது ரேவதி. காலை எட்டு, மாலை எட்டு. ஐந்து வாரம் ஒரு குறையும் இல்லை. எடை தினம் இருபது கிராம் ஏறியது. மூன்று கிலோ அறுநூற்றை எட்டினாள்.

ஆஸ்பத்திரியில் மூன்று சிரிஞ்சு கொடுத்திருந்தார்கள். வெந்நீரில் அலசி அலசி இரண்டில் கோடுகள் அழிந்துவிட்டன. மூன்றாவதில் ரப்பர் இறுகிப் போய், தள்ளினால் ஒரேயடியாகப் பீய்ச்சியது. ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மெடிக்கலுக்குப் போனேன். கடையில் இருந்த அம்மாள் டப்பாவைத் துழாவினாள்.

“ரெண்டு எம்.எல். ஸ்டாக் இல்ல சார். அஞ்சுதான் கீது.”

“குழந்தைக்கு மருந்து குடுக்க.”

“எவ்ளோ குடுக்கணும்?”

“மூணு கோடு.”

“அப்போ தாராளமா புடிக்கும். ஊசிய கழட்டிப் போட்டுட்டு யூஸ் பண்ணிக்கோங்க.”

புதுச் சிரிஞ்சு. கோடுகள் கறுப்பாக, பளிச்சென்று இருந்தன. என் கண்ணுக்கு அது சந்தோஷமாக இருந்தது. குழல் கொஞ்சம் தடிமன். ஆனால் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி பழைய சிரிஞ்சில் இருந்த மாதிரியே இருந்தது. தடித்த குழலில் அதே உயரத்துக்கு அதிகம் பிடிக்கும் என்று ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். ஐந்து மில்லி சிரிஞ்சில் ஒரு கோடு 0.2 மில்லி. மறுநாள் காலை அதில் மூன்று கோடு எடுத்தேன். நோட்டில் 3 என்று எழுதினேன்.

நாலைந்து நாளில் பாட்டிலைப் பார்த்தபோது மருந்து இருக்க வேண்டியதை விடக் குறைவாக இருந்தது. இத்தனை நாளுக்கு இவ்வளவு இறங்க வேண்டும் என்று எனக்குக் கணக்கு உண்டு. அது என் கண்ணில் பட்டது என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

“ரேவதி, மருந்தைச் சிந்துறியா?”

“ஒரு சொட்டு சிந்தல மாமா.”

“பாட்டில் இறங்கியிருக்கே.”

“நான் இன்னா, குடிச்சிட்டேனா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அவள் கோபத்தை நான் குற்றம் செய்தவளின் கோபமாக எடுத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் மித்ரா வாந்தி எடுத்தாள். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். ஏழாம் நாள் நான்கு தடவை. எட்டாம் நாள் பாலுக்கு அழவே இல்லை. ஒன்பதாம் நாள் நாங்கள் எழுப்பினால் கண்ணைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். தினேஷ் அன்று இரவு ஷிஃப்டுக்குப் போய்விட்டான். பத்தாம் நாள் காலை ரேவதி, “ஆஸ்பத்திரிக்கு போலாம் மாமா, ஆட்டோ சொல்லுங்க” என்றாள். மணி எட்டு. மருந்து நேரம். மூன்று கோடு எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் ஆட்டோவை அழைத்தேன். அது பத்தொன்பதாவது வேளை.

ஒரகடம் கூட்டு ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அந்தச் சந்திப்பைத் தாண்ட இருபத்திரண்டு நிமிடம் ஆனது. ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கினேன். நாற்பத்து மூன்று. உள்ளே போய்க்கொண்டிருந்தது பதினேழு. காத்திருக்கும் கூடத்தில் நாற்காலி இருபத்தெட்டு, அதில் மூன்று உடைந்தவை. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, ராத்திரி ஷிஃப்ட் முடித்து அப்படியே வந்தவர்கள் பாதிப்பேர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

“உக்காரு, நம்ம நம்பர் வரட்டும்” என்றேன்.

“நம்பராம் நம்பரு! கொழந்த கண்ணே தொறக்கல, நம்பர் எண்ணிகினு இருக்கீங்க!”

ரேவதி கூடத்தின் குறுக்கே நடந்து, வாசலில் நின்ற ஆளைத் தோளால் ஒதுக்கிவிட்டு, டாக்டரின் அறைக்குள் போனாள். நானாக இருந்தால் இருபத்தாறு பேர் முடியும்வரை உட்கார்ந்திருப்பேன்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மூன்று மாதக் குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு நூற்றிருபதுக்கு மேல் அடிக்க வேண்டும். மித்ராவுக்கு எண்பத்திரண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த மார்பில் இடம் போதாமல் வயர்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினார்கள். திரையில் பச்சைக் கோடு எழுந்து விழுந்தது. சில இடத்தில் எழ மறந்து தட்டையாகப் போய், பிறகு எழுந்தது.

எக்கோ எடுத்த அதே டாக்டரம்மாதான். “டிகாக்ஸின் எவ்வளவு குடுக்குறீங்க?”

நான் தயாராக இருந்தேன். நோட்டை நீட்டினேன். “ஒரு வேளை விடல டாக்டர். மூணு கோடு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல.”

“கோடு வேணாம் சார். எத்தனை எம்.எல்.?”

“பாயிண்ட் மூணு.”

“எந்த சிரிஞ்சுல எடுத்தீங்க?”

பக்கத்தில் சகாயராணி சிஸ்டர் நின்றிருந்தார். தூத்துக்குடிக்காரர், ஐம்பது வயது இருக்கும். டிராயரைத் திறந்து ஒரு மில்லி, இரண்டு மில்லி, ஐந்து மில்லி என்று மூன்று சிரிஞ்சுகளை டிரேயில் வரிசையாக வைத்தார். “ஐயா, வீட்டுல இருக்கது இதுல எதுன்னு பாத்துச் சொல்லுங்க. பயப்படாதீங்க, சரியா சொன்னாத்தான் பிள்ளைக்கு நல்லது.”

நான் ஐந்து மில்லி சிரிஞ்சைத் தொட்டேன். தொடும்போதே 1 என்ற எண் கண்ணில் பட்டது. அதற்குக் கீழே உள்ள இடைவெளிகளை எண்ணினேன். ஐந்து. ஒன்றை ஐந்தால் வகுத்தால் 0.2. மூன்றால் பெருக்கினால் 0.6. கருவியின் மிகச் சிறிய கோடு எவ்வளவு என்று பார்க்காமல் அளக்காதே என்பது வேலையில் சேர்ந்த அன்று எனக்குச் சொன்ன முதல் விதி. மீச்சிற்றளவு என்று கல்லூரியிலேயே படித்ததுதான்.

“ரெண்டு மடங்கு” என்றேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. “எந்தத் தேதியில இருந்து?” என்று மட்டும் கேட்டார். நோட்டைப் பார்த்துப் படித்தேன். பத்தொன்பது வேளை, கடைசி வேளை இன்று காலை எட்டு மணி. அவர் எழுதிக்கொண்டார். ரேவதி சுவரோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவள் நோட்டைப் பார்த்த பார்வையில் தெரிந்தது.

டாக்டர் வெளியே வந்து விளக்கினார். ரத்தத்தில் மருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பியாகிவிட்டது. முடிவு நாளைக்குத்தான் வரும். வாந்தியாலும் நீர் மருந்தாலும் பொட்டாசியம் என்ற உப்பு குறைந்திருக்கிறது; அது குறைந்தால் இந்த விஷம் இன்னும் வேகமாக வேலை செய்யும்; அதை டிரிப்பில் ஏற்றுகிறார்கள். இதை முறிக்கிற மருந்து ஒன்று உண்டு. இங்கே உடனே கிடைக்காது, கேட்டுப் பார்க்கிறார்கள்.

“அப்போ என்ன பண்ணுவீங்க?”

“காத்திருக்கணும் சார். மூத்திரத்துல கொஞ்சம் கொஞ்சமா வெளியேறணும். அதுவரைக்கும் இதயம் தாக்குப் பிடிக்கணும்.”

தினேஷுக்குப் பத்தரை மணிக்குத்தான் போன் கிடைத்தது. ஷிஃப்ட் முடிந்தும் ஓ.டி.க்கு நிறுத்தியிருந்தார்கள், லைனில் போன் வைத்திருக்கக் கூடாது. வந்தவன் யூனிஃபார்மோடு நின்று முழுவதையும் கேட்டான்.

“முப்பத்தி நாலு வருஷம் அளந்தீங்களேப்பா” என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அதற்குமேல் அவன் சொல்லியிருந்தால் தேவலை.

“அவர மட்டும் இன்னாத்துக்கு சொல்ற?” என்றாள் ரேவதி. “மூணு கோடு மூணு கோடுன்னு நீயும் தான் போன்ல கேட்டுகினு இருந்த. நானும் தான் குடுத்தேன். யாரு அந்த பேப்பர எடுத்துப் பாத்தோம்?”

அவள் என்னைப் பார்த்து அதைச் சொல்லவில்லை.

அன்று மாலை துடிப்பு எழுபத்தாறுக்கு வந்தது. மறுநாள் மதியம் அறுபத்தெட்டு. கதவுக் கண்ணாடி வழியே என்னால் எண்ணைப் படிக்க முடிந்தது. அறுபத்தெட்டு என்பது என் இதயத்தின் வேகம். எழுபத்தொரு வயதுக்காரனின் வேகத்தில் மூன்று மாதக் குழந்தையின் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. எச்சரிக்கை மணி அடித்தது, நான்கு பேர் கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள், திரையை மறைத்துவிட்டார்கள். துடிப்பை ஏற்றும் ஊசி போட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். திரை மறைந்திருந்தது பதினான்கு நிமிடம். விலகியபோது எண்பத்தெட்டு. ஒரு மணி நேரத்தில் மறுபடி எழுபத்தொன்பது.

முறிவு மருந்து கிடைக்கவில்லை. ரத்தப் பரிசோதனை வந்தது. இருக்கக் கூடிய உச்ச அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

வராந்தாவில் இருந்த இரும்பு பெஞ்சில் நானும் ரேவதியும் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்திருந்தோம். தினேஷ் பில் கட்டும் இடத்தில் நின்றிருந்தான்.

“நீ சிந்துறேன்னு சொன்னேனேம்மா” என்றேன்.

“அத இப்போ இன்னாத்துக்கு மாமா?”

“இல்ல, அன்னிக்கே நான் யோசிச்சிருந்தா…”

“வுடுங்க.” பையைத் துழாவி ஒரு பொட்டலம் எடுத்தாள். என் பிரஷர் மாத்திரைகள். அந்தக் காலை ஓட்டத்தில், குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இதை எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. இரண்டை என் உள்ளங்கையில் வைத்தாள். “போட்டுக்கோங்க. நீங்களும் படுத்துட்டா யாரு பாக்கறது.” அதில் அன்பு இருந்ததா, சலிப்பு இருந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும்தான் இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் தொண்ணூற்றாறு. நான்காம் நாள் நூற்றுப் பன்னிரண்டு. ஐந்தாம் நாள் காலை மித்ரா அழுதாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே சத்தம் வரவில்லை, வாய் திறந்து மூடுவதுதான் தெரிந்தது. ரேவதி கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். ஏழாம் நாள் வார்டுக்கு மாற்றி எடை பார்த்தார்கள். மூன்று கிலோ முந்நூற்று அறுபது. இருநூற்று நாற்பது கிராம் குறைவு. தினம் இருபது கிராம் என்றால் பன்னிரண்டு நாள் வளர்ச்சி. ஆபரேஷன் அந்த அளவுக்குத் தள்ளிப் போகிறது. அந்த அளவுக்கு நுரையீரலும் அடி வாங்குகிறது. கணக்கு இப்படியே போனால் பரவாயில்லை, முன்பு போல எடை ஏறுமா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். உறுதி எதுவும் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தைய நாள் சகாயராணி சிஸ்டர் எங்கள் மூவரையும் கட்டிலருகே உட்கார வைத்தார். அவர் காட்டியதை முடிந்தவரை அப்படியே தருகிறேன். இதை எழுதுவதே அதற்காகத்தான்.

மருந்தின் அளவை ஒரே தடவையில் பிடிக்கிற மிகச் சிறிய சிரிஞ்சு எதுவோ, அதுதான் சரியான சிரிஞ்சு. 0.3 மில்லி என்றால் ஒரு மில்லி சிரிஞ்சு. அதில் ஒரு சிறு கோடு 0.01 மில்லி. கை கொஞ்சம் நகர்ந்து ஒரு கோடு தப்பினாலும் பிழை அவ்வளவுதான். அதே ஒரு கோடு ஐந்து மில்லி சிரிஞ்சில் தப்பினால் 0.2 மில்லி, முழு வேளை மருந்தில் மூன்றில் இரண்டு பங்கு. பத்து மில்லி சிரிஞ்சில் பெரும்பாலும் அரை மில்லிக்கு ஒரு கோடு, அதில் 0.3 என்ற அளவே கிடையாது. ஏழு மில்லி கொடுக்க வேண்டுமானால் மட்டும் அதை எடுக்கலாம். கம்பெனிக்குக் கம்பெனி கோடு மாறும் என்பதால், கையில் இருக்கும் சிரிஞ்சில் இரண்டு எண்களுக்கு நடுவே எத்தனை இடைவெளி என்று முதலில் பார்க்க வேண்டும். ரப்பரில் இரண்டு வளையம் இருக்கும். முனைக்குப் பக்கத்தில் இருக்கிற வளையம் எங்கே நிற்கிறதோ அதுதான் அளவு. காற்றுக் குமிழி இருந்தால் முனையை மேலே பிடித்துத் தட்டி வெளியேற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். கண்ணுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். கோடு மங்கினால் தூக்கிப் போட வேண்டும். கடையில் அந்த அளவு இல்லையென்றால் வேறு கடைக்குப் போக வேண்டும்.

“இனிமே வீட்டுல யாரும் கோடுன்னு சொல்லப்பிடாது, கேட்டியளா? பாயிண்ட் மூணு எம்.எல். வாய்விட்டுச் சொல்லணும்” என்றார் சிஸ்டர். “குடுக்கதுக்கு முன்னால நெஞ்சுல விரல் வச்சு ஒரு நிமிசம் எண்ணுங்க. நூறுக்குக் கீழ இருந்தா குடுக்காதீங்க, இங்க வந்துருங்க. எங்க, ஐயா எடுத்துக் காட்டுங்க பாப்போம்.”

தண்ணீர் வைத்த கிண்ணத்தில் ஒரு மில்லி சிரிஞ்சை விட்டேன். பென்சில் அளவுதான் இருந்தது அது. மூன்று பேர் பார்க்கிறார்கள். ரப்பர் 0.28இல் நின்றது. இழுத்தேன், 0.34. தள்ளினேன், 0.27. மறுபடி இழுத்தபோது குமிழி வந்துவிட்டது. கை நடுங்கியது. முன்பும் நடுங்கியிருக்குமோ, பெரிய சிரிஞ்சில் தெரியவில்லையோ என்று நினைத்தேன்.

“குடுங்க மாமா” என்றாள் ரேவதி. லைனில் சின்னச் சின்ன ஸ்க்ரூ வைத்துப் பழகிய விரல். முதல் தடவையிலேயே 0.30இல் நிறுத்தினாள். “பாயிண்ட் மூணு எம்.எல்.” என்றாள்.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. மருந்து முழுக்க ரேவதி பொறுப்பு. பாட்டிலும் சிரிஞ்சும் அவள் அறைக்குப் போய்விட்டன. நெஞ்சில் விரல் வைத்து அவளே எண்ணுகிறாள். முதல் நாள் தினேஷ், “அப்பா ஒரு தடவ பாக்கட்டுமே” என்றபோது, “வேணாம்” என்றாள். ஒரே சொல். அவள் சொன்னது சரி. எட்டு மணி ஆனதும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுகிறேன். அவள் போகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நிலையில் அவளை வைக்க வேண்டாமே. எடை மூன்று கிலோ அறுநூற்றுப் பத்து. ஒரு மாதத்துக்கு முன் இருந்த இடத்துக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறோம்.

நேற்று முன்தினம் மாலை அப்படித் தெருவில் நின்றிருந்தேன். கம்பெனி பஸ் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. தினேஷ் செகண்ட் ஷிஃப்டில் இருந்தான்.

“மாமா!”

உள்ளே ஓடினேன். ரேவதியின் தோளெல்லாம் பால். மித்ரா மடியில் கிடந்தாள். மருந்துப் பாட்டில் திறந்திருந்தது, சிரிஞ்சு ரேவதியின் கையில்.

“குடுத்து முடிச்சேன், உடனே கக்கிட்டா. மருந்து உள்ள போச்சா, வெளிய வந்துச்சான்னு தெரில. திரும்ப குடுக்கட்டா?”

“குடுக்காதே. கக்கினாலும் திரும்பக் குடுக்கக் கூடாது. அடுத்த வேளைதான்.”

“கரெக்டா தெரியுமா?”

“தெரியும். டிஸ்சார்ஜ் தாள்ல இருக்கு. நீயே பாரு.”

அவள் தாளை எடுத்து விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். சிரிஞ்சைக் கீழே வைத்தாள். வார்டுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

“அன்னிக்கும் இப்படித்தான மாமா ஆரம்பிச்சுது? வாந்தி எடுத்துகினேதான…” மித்ராவின் நெஞ்சில் விரலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். “எனக்கு எண்ண வரல. நடுவுல நடுவுல வுட்டுப் போவுது.” பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, இரண்டு விரலை அந்தச் சின்ன நெஞ்சின் இடப்பக்கம் வைத்தாள். “எண்ணுங்க.”

சுவர்க் கடிகாரத்தின் நொடி முள் பன்னிரண்டில் வந்ததும் ஆரம்பித்தேன். விரலுக்கடியில் குருவி பதுங்கியிருக்கிற மாதிரி இருந்தது. ரேவதி மூச்சு விடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் ஒரு சுற்று வந்தது.

“நூத்தி இருபத்தாறு” என்றேன்.

“இன்னொரு தபா எண்ணுங்க” என்றாள்.

எண்ணினேன்.